எந்தத் திகதியிலிருந்து தொடங்குவது?

சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடையில் உரைபெயர்ப்பதுதான் என் தொழில். கொழும்பில் இருபது வருடத்துக்கு மேலாக இதைச் செய்கிறேன். பெரிய மண்டபம் என்றால் கண்ணாடி போட்ட பூத்துக்குள் இருந்து, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, ஒருவர் பேசப் பேசவே அதை மற்ற மொழியில் சொல்லிக்கொண்டு போகவேண்டும். சின்னக் கூட்டம் என்றால் பூத் இல்லை. குறிப்புப் புத்தகத்தோடு பக்கத்தில் இருந்து, அவர் நிறுத்தியதும் நான் தொடங்குவேன். காணி, மொழி, காணாமல் ஆக்கப்பட்டோர், நல்லிணக்கம் என்று எத்தனையோ கூட்டம் பார்த்தாயிற்று. ஆனால் பழைய காயம் இன்றைய சண்டைக்குள் எப்படி வந்து உட்காருகிறது என்பதை நான் மிகக் கிட்டத்தில் பார்த்தது, வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் கார் நிறுத்துமிடத்தில். ஆட்களை அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

2019 மே மாதக் கடைசி ஞாயிறு. ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகள் நடந்து ஒரு மாதம் கழிந்திருந்தது. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250 பேருக்கு மேல் செத்திருந்தார்கள். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் செத்தவர்களில் பல பேர் தமிழர். நகரம் முழுவதும் பை திறந்து காட்டாமல் ஒரு கடைக்குள்ளும் போகமுடியாத காலம். அந்தத் தொடர்மாடியின் நிர்வாகக் குழு இரண்டு முடிவு எடுத்திருந்தது. ஒன்று, பக்கத்து ஒழுங்கைக்குப் போகும் சின்னப் பின் கேற்றை ஒரேயடியாகப் பூட்டுவது. மற்றது, ஒவ்வொரு வீட்டிலும் இருப்பவர்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் வாங்கிப் பட்டியல் போட்டு, ஒரு பிரதியை செக்யூரிட்டியிடமும் ஒரு பிரதியைப் பொலிஸிலும் கொடுப்பது. லிஃப்டுக்குள் நோட்டீஸ் ஒட்டிய அன்றிரவே யாரோ அதைக் கிழித்துவிட்டார்கள். மறுபடி ஒட்ட, மறுபடி கிழிந்தது. வட்ஸ்அப் குழுவில் வாய்த்தர்க்கம் முற்றிப் பாதிப்பேர் வெளியேறிவிட்டார்கள். குழுவின் செயலாளர் என்னை ஒரு வேலையில் அறிந்தவர். "எல்லாருக்கும் எல்லா மொழியும் அரைகுறையாத் தெரியும், அதுதான் பிரச்சினை, நீங்க வாங்க" என்றார்.

பிளாஸ்டிக் கதிரைகளைப் போட்டு முப்பது பேர் வரை இருந்தார்கள். தலைவர் வங்கியில் வேலை செய்து ஓய்வுபெற்ற சிங்களவர். நிதானமான மனிதர். அவர் விஷயத்தை விளக்கி முடிப்பதற்குள்ளேயே, இரண்டாம் மாடி அம்மா எழுந்துவிட்டார். எண்பதை நெருங்கும் வயது.

"நான் பேர் எழுதித் தரமாட்டன். என்ர பேரும் தரமாட்டன், பேரப்பிள்ளையளின்ர பேரும் தரமாட்டன்."

"வெறும் லைஸ்துவ ஒன்றுதானே" என்றார் தலைவர். ஒளிக்க ஒன்றும் இல்லாதவர்கள் ஏன் பயப்படவேண்டும் என்றும் கேட்டார். அதை நான் தமிழில் சொன்னேன். சொல்லும்போது 'லைஸ்துவ' என்பதைப் 'பட்டியல்' என்று போட்டேன். அந்த அம்மாவின் காதில் அது 'இடாப்பு', அதாவது பெயர்ப் பதிவேடு, என்று விழுந்திருக்கவேண்டும். ஏனென்றால் அவர் வாயிலிருந்து அடுத்து வந்தது அந்தச் சொல்தான்.

தமிழருக்கு எதிரான கலவரம் நடந்த 83 ஜூலை 25, திங்கட்கிழமை. வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்கள், வீட்டு இலக்கத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் வந்தார்கள் என்று சொன்னார். அவருடைய வீடு அதே காணியில்தான் இருந்தது. இப்போது நாங்கள் கதிரை போட்டிருந்த இடம் அந்த வீட்டின் முன் விறாந்தை. எரிந்த வீட்டைப் பிறகு திருத்தி, பல வருடம் கழித்துக் கட்டடக்காரரிடம் காணியைக் கொடுத்து, பதிலுக்கு இரண்டு வீடு வாங்கிக்கொண்டார். வெள்ளவத்தையில் எத்தனையோ பேர் செய்தது போலத்தான். பின் கேற் இருக்கிற இடத்தில் அன்று மதில். அந்த மதிலால் இரண்டு பிள்ளைகளையும் தூக்கி அந்தப் பக்கம் இறக்கிவிட்டு, தானும் குதித்தாராம். கட்டடம் எழும்பியபோது அவர் வைத்த ஒரே நிபந்தனை, அந்த இடத்தில் ஒரு வழி இருக்கவேண்டும் என்பது.

தலைவர் உடனே பதில் சொல்லவில்லை. சட்டைக் கையை மடித்து, முழங்கைக்குக் கீழே சின்னச் சின்னத் தழும்புகளைக் காட்டினார். 1996 ஜனவரி 31, மத்திய வங்கிக்கு எதிர்ப்பக்கக் கட்டடத்தில் அவர் வேலை. வெடிமருந்து ஏற்றிய லொறி கேற்றை இடித்துக்கொண்டு போனது. 91 பேர் செத்தார்கள், 1,400 பேர் வரை காயம். கண்ணாடி பறந்து பார்வை போனவர்களே எத்தனை பேர். அவரோடு ஒரே மேசையில் சாப்பிடும் நண்பர் அன்று போனார். திறந்து கிடக்கும் கேற் ஒன்றைக் கண்டால் இன்றும் தன் கை கூசுகிறது என்று சொன்னார். அதைத் தமிழில் சொல்லும்போது என் குரல் சரியாக வரவில்லை.

ஒருவருக்குப் பூட்டிய கேற் மரணம், மற்றவருக்குத் திறந்த கேற் மரணம். இருவரும் சத்தியமாக உண்மையைத்தான் சொன்னார்கள்.

நாலாம் மாடியில் ஒரு முஸ்லிம் குடும்பம். காலி வீதியில் ஃபோன் கடை வைத்திருக்கும் இளைஞர் அதுவரை வாயே திறக்கவில்லை. இரண்டு கிழமைக்கு முன்புதான் மினுவாங்கொடையில் முஸ்லிம்களின் கடைகள் எரிந்திருந்தன. அவருடைய சொந்தக்காரர் ஒருவரின் கடையும் அதில் ஒன்று. யாரோ அவரைக் கேட்டபோது, முதலில் சிங்களத்தில் சொல்லி, பிறகு அந்த அம்மாவைப் பார்த்துத் தானே தமிழில் சொன்னார்: "லிஸ்ட் எடுக்கிறண்டா எங்கட ஊட்டுல இருந்து தொடங்குங்க. பேர் இல்லாட்டித்தான் எங்களுக்குப் பயம்." எனக்கு அங்கே வேலை இருக்கவில்லை. பேனையை மூடிவைத்துவிட்டேன்.

ஆனால் நான் இன்றுவரை யோசிப்பது அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி. நோட்டீஸைக் கிழித்தது தான்தான் என்று அந்த அம்மாவின் பேரன் எழுந்து சொன்னான். இருபத்தி நாலு வயது இருக்கும். 83ஐக் கண்ணால் காணாதவன். "இவங்கள் எல்லாரும் சேர்ந்துதானே எரிச்சவங்கள்" என்று தமிழில் சொல்லிவிட்டு, அதை மொழிபெயர்க்கும்படி என்னைப் பார்த்தான். நான் வாய் திறக்கமுன் அந்த அம்மா அவனைத் தடுத்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகளை இறக்கி எடுத்தது ஒரு சிங்களப் பெண். நாலு நாள் சாமான் அறையில் ஒளித்து வைத்தார். தேடி வந்தவர்களிடம் வாசலில் நின்று புத்தர் மேல் சத்தியம் செய்து, இங்கே ஒருவரும் இல்லை என்று பொய் சொன்னார். அதற்காகப் பிறகு பன்சலைக்கு, பௌத்த விகாரைக்கு, போய்ப் பூ வைத்ததாகவும் இந்த அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

"அம்மம்மா, இதை நீங்க சொன்னதே இல்லை."

"சொன்னனான். நீ கேக்கேல்லை."

அவன் பொய் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். கதை அவனிடம் வந்து சேரும்போது அந்தப் பெண் அதில் இல்லை. எரிந்த வீடு வந்தது, இடாப்பு வந்தது, பயம் முழுசாக வந்தது. கதவடியில் நின்று பொய்ச் சத்தியம் செய்தவர் எங்கேயோ வழியில் இறங்கிவிட்டார். மறுபக்கமும் அப்படித்தான். வட்ஸ்அப்பில் மிகக் கடுமையாக எழுதியது தலைவரின் மகள், 96க்குப் பிறகு பிறந்தவர். அன்று காயப்பட்ட தகப்பனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது ஒரு தமிழ்ச் சாரதியின் வான் என்பது அவருக்கும் அன்றுதான் தெரியவந்தது. பார்த்தவர்களிடம் ஆட்கள் இருக்கிறார்கள். பிறகு பிறந்தவர்களிடம் திகதி மட்டும்தான் இருக்கிறது.

கூட்டம் முடிய இரவு எட்டரை. பின் கேற்றை ஒன்பது மணிக்குப் பூட்டுவது, ஒரு சாவி இரண்டாம் மாடியில் இருப்பது என்று முடிவானது. பட்டியலில் வீட்டு இலக்கமும் ஃபோன் நம்பரும் மட்டும் போதும் என்றார்கள்.

சரி, என் தொழிலுக்கு வருகிறேன். உரைபெயர்ப்பில் முதல் விதி, 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது. பேசுபவர் 'மம' என்றால் என் வாயில் 'நான்' வரவேண்டும். காலையில் நான் கிளிநொச்சியிலிருந்து வந்த தாய், 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தடியில் மகனை இராணுவத்திடம் கையளித்தவள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து, நான் மாத்தறையிலிருந்து வந்த தகப்பன், முல்லைத்தீவு இராணுவ முகாமில் 1996இல் மகனை இழந்தவன், உடல்கூடக் கிடைக்காதவன். வீட்டுக்குப் போய்க் குளித்தாலும் அந்த 'நான்' சில நாள் இறங்காது. இந்த வேலையில் உள்ள எல்லோருக்கும் இது தெரியும், ஒருவரும் வெளியே பேசுவதில்லை.

இந்த விதியை நான் ஒருமுறை உடைத்திருக்கிறேன். வேலைக்கு வந்த புதிது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர், 83இல் நடந்தது இனப்படுகொலை என்றார். மண்டபத்தில் இருந்த முகங்களைப் பார்த்தேன். என்னை அறியாமலே 'கோலாஹலய' என்று சிங்களத்தில் போட்டுவிட்டேன். மைதானத்தில் இரண்டு கூட்டம் அடிபட்டாலும் அந்தச் சொல்தான். அவர் கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் வேலை செய்தவர், சிங்களம் நல்லாகத் தெரியும். எல்லோர் முன்னாலும் திரும்பி, "தங்கச்சி, நான் அந்தச் சொல்லைச் சொல்லேல்லை" என்றார். 'ஜன சங்ஹாரய' என்று திருத்தினேன். மண்டபம் இரண்டுபட்டது. தேநீர் இடைவேளையை முன்னுக்கு எடுத்தார்கள்.

சமாதானத்துக்காகச் செய்கிறேன் என்றுதான் அப்போது நினைத்தேன். நடந்தது வேறு. மிச்ச நேரம் முழுவதும் அவர் அந்தச் சொல்லுக்காகவே வாதாடினார். தன் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்ல வந்தவர், அதைச் சொல்லாமலே பஸ் ஏறிப் போனார். ஒருவருடைய துயரத்துக்கு அவர் வைத்த பெயரை நான் குறைத்ததும், அவர் பெயருக்குக் காவல் நிற்கவேண்டியதாகிவிட்டது. பிறகு நான் ஒரு சொல்லையும் குறைத்ததில்லை, கூட்டியதும் இல்லை. 'ரணவிருவா' என்றால் போர்வீரர் என்று வெறுமையாகச் சொல்லாமல் போர் மாவீரன் என்ற எடையோடுதான் சொல்வேன், பிடிக்கிறதோ இல்லையோ. 2022 மே 18 அன்று காலி முகத்திடலில் போராட்டக்காரர்கள் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்தபோது, பக்கத்தில் நின்ற சிங்களப் பையன் அது என்னவென்று என்னிடம் கேட்டான். 'கெந்த' என்று சொன்னால் காலையில் குடிக்கிற இலைக்கஞ்சி என்று நினைப்பான். போரின் கடைசி நாட்களில் அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டும் இருந்த கதையைச் சொல்லித்தான் அந்தச் சொல்லைக் கொடுத்தேன். அவன் இரண்டாவது தரமும் வாங்கிக் குடித்தான்.

கொரோனாவுக்குப் பிறகு ஒரு பயிற்சிப் பட்டறைக்குப் போயிருந்தேன். வளவாளர் சுவர் நீளத்துக்குக் காகிதம் ஒட்டி, நாட்டின் கதையில் முக்கியமான திகதிகளைத் துண்டில் எழுதி ஒட்டச் சொன்னார். ஒட்டிய துண்டுகளை மாறி மாறி மொழிபெயர்ப்பது என் வேலை. தமிழர் பக்கத்தில் தனிச் சிங்களச் சட்டம் வந்த 1956, கலவரம் நடந்த 58, 77, யாழ் நூலகம் எரிந்த 81, 83, முள்ளிவாய்க்காலுக்காக அழும் 2009 மே 18. சிங்களவர் பக்கத்தில் ஜே.வி.பி. என்ற இடதுசாரி இயக்கம் கிளர்ந்த 1971, அநுராதபுரத்தில் 146 பேர் கொல்லப்பட்ட 1985 மே 14, இந்தியப் படை வந்த 87, மத்திய வங்கி, போர் வெற்றியைக் கொண்டாடும் 2009 மே 19. மே 18க்கும் 19க்கும் இடையில் சுவரில் ஒரு சாண் இடம். அந்த ஒரு சாணை எப்படி மொழிபெயர்ப்பது?

'ஏப்ரல் 21' என்று மட்டும் எழுதிய துண்டு ஒன்று வந்தது. உயிர்த்த ஞாயிறு என்று நினைத்து 2019இல் ஒட்டப் போனார்கள். எழுதியவர் மறித்தார். அவர் சொன்னது 1987 ஏப்ரல் 21, புறக்கோட்டை பஸ் நிலையக் குண்டு. நூறு பேருக்கு மேல் செத்த அந்த நாளும் இதே திகதிதான் என்பதை மண்டபத்தில் பாதிப்பேர் மறந்திருந்தார்கள்.

இன்னொன்று. '1948' என்று இரண்டு துண்டு. இரண்டும் ஒன்றுதானே என்று வளவாளர் ஒன்றின்மேல் ஒன்றை ஒட்டிவிட்டார். பின்வரிசையிலிருந்து ஹட்டன் பக்கத்து ஆசிரியை ஒருவர் எழுந்து வந்து, மேல் துண்டை மெதுவாக உரித்துப் பக்கத்தில் ஒட்டினார். ஒரு 1948 சுதந்திரம். அவருடைய 1948 பிரஜாவுரிமைச் சட்டம், மலையகத் தமிழர்கள் ஒரே சட்டத்தில் நாடற்றவர்களான வருடம். அவர் ஒன்றும் பேசவில்லை, உரித்து ஒட்டிவிட்டுப் போய் இருந்துகொண்டார். இத்தனை வருடத்தில் நான் பார்த்த மிகச் சிறந்த உரைபெயர்ப்பு அதுதான் என்பேன்.

காத்தான்குடிப் பெரியவர் ஒருவர் 1915ஐக் கொண்டுவந்தார். சிங்கள, முஸ்லிம் கலவரம் நடந்த வருடம். அதன்பின் சிறைப்பட்ட சிங்களத் தலைவர்களுக்காகப் பொன்னம்பலம் இராமநாதன் வாதாடினார், லண்டனுக்கே போய் வந்தார், திரும்பியபோது சிங்களவர்கள் அவருடைய வண்டியைத் தாங்களே இழுத்துப் போனார்கள். இது தமிழ்ப் பிள்ளைகள் பெருமையோடு படிக்கிற கதை. பெரியவர் கேட்டார்: "எரிஞ்ச கடை எங்கட. அவர் ஆருக்காகப் போனாரு?" தமிழர் வரிசையில் ஒருவருக்கும் பதில் இல்லை. நூறு வருடம் பழைய கேள்வி, 90 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதவர்கள் விடுதலைப் புலிகளால் சுடப்பட்டபோது அது புதிதாகத் திரும்பி வந்திருக்கிறது. எங்களுக்குத்தான் கேட்கவில்லை.

இதைப் பற்றி ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். வாமிக் வொல்கான் என்ற மனநல மருத்துவர், சைப்பிரஸில் பிறந்த துருக்கியர், ஒரு சமூகம் தன் பழைய காயங்களில் ஒன்றைத் தெரிந்தெடுத்து அதையே தன் அடையாளமாக்கிக்கொள்கிறது என்று சொன்னார். ஒரு விரிவுரையில் இதை மொழிபெயர்த்தேன். அவர் காட்டும் உதாரணம் கொசோவோ. 1389இல் ஒட்டோமன் படையோடு நடந்த போரில் சேர்பிய இளவரசர் லாசர் இறந்தார். 600 வருடம் கழித்து அவருடைய எலும்புகளை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், அழுதார்கள். 1989 ஜூன் 28 அன்று அந்தப் போர்க்களத்திலேயே பெருங்கூட்டத்தின் முன் மிலோசெவிச் பேசினார். சில வருடத்துக்குள் பொஸ்னியாவில் முஸ்லிம் கிராமங்கள் எரிந்தன. நேற்று நடந்தது போல மக்கள் உணரும்போது, 600 வருடமும் ஒன்றாக மடிந்துபோகிறது.

'தெரிந்தெடுத்த காயம்' என்று நான் சொன்னதும் ஒரு தாய் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு எழுந்தார். "நான் தெரிஞ்செடுத்தனானோ?" என்று கேட்டார். அவருடைய கோபம் நியாயம். அடி விழுவதை யாரும் தெரிவதில்லை. விழுந்த அடிகளில் எதைத் திரும்பத் திரும்பச் சொல்வது, எதை விடுவது என்பதைத்தான் ஊர் கூடித் தெரிகிறது. அதைச் சொல்ல 'பிடித்துவைத்த காயம்' என்று பிறகு மாற்றிக்கொண்டேன். இன்னும் திருப்தி இல்லை.

இங்கே தெற்கில், ஜே.வி.பி.யின் இரண்டாவது கிளர்ச்சிக் காலத்தில், 87 முதல் 89 வரை பல்லாயிரக்கணக்கான சிங்கள இளைஞர்கள் காணாமல் போனார்கள். சந்தியில் ரயர் போட்டு எரித்த உடல்களை எத்தனையோ பேர் பாடசாலைக்குப் போகும் வழியில் பார்த்திருக்கிறார்கள். சீதுவையில், ரத்தொலுவைச் சந்தியில், அவர்களுக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது. ஒவ்வொரு ஒக்டோபர் 27இலும் குடும்பங்கள் அங்கே கூடுகின்றன. கூட்டம் சிறியது. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய, தமிழ் மன்னன் எல்லாளனுக்கும் சிங்கள மன்னன் துட்டகைமுனுவுக்கும் நடந்த சண்டையைச் சிங்களப் பிள்ளை ஒவ்வொன்றும் அறியும். தன் சொந்த மாமாவை யார் கொண்டுபோனார்கள் என்று வீட்டில் பேசமாட்டார்கள். காரணம் விளங்குகிறது: கொண்டுபோனது வேறு இனம் கிடையாது. இன்னொரு கூட்டத்துக்கு எதிராக நிறுத்த உதவாத காயம், ஊர் நினைவில் நிற்பதில்லை. அது தாய்மாரோடு மட்டும் இருந்து, தாய்மாரோடு போய்விடும்.

இதைச் சிங்களவர்களைப் பற்றி எழுதுவது எனக்கு இலகு. எங்களைப் பற்றியும் எழுதவேண்டும்.

என்னோடு வழமையாகப் பூத்தில் இருப்பவர் யாழ்ப்பாணத்து முஸ்லிம். என்னைவிட நாலு வயது இளையவர். அரை மணிக்கு ஒருவராக மாறி மாறிப் பேசுவோம். ஒருவர் பேசும்போது மற்றவர் எண்களையும் பெயர்களையும் எழுதிக் காட்டுவோம். பத்து வருடத்துக்கு மேல் பழக்கம், ஒரே தண்ணீர்ப் போத்தல். மேடையில் யாராவது 'தமிழ் பேசும் மக்கள்' என்று தொடங்கினால் அவர் முகம் லேசாக மாறும். ஒருநாள் மைக்கை அணைத்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, இந்தச் சொல்லுக்குள்ள நாங்க 90ல இருக்கல்ல."

2015இல் ஒரு வெள்ளிக்கிழமை, ஒக்டோபர் 30. மத்தியானச் சாப்பாட்டின்போது, இன்றைக்கு மனம் சரியில்லை என்றேன். அவரும் அதையே சொன்னார். எனக்கு அந்தத் திகதி 1995. இராணுவம் முன்னேறி வர, யாழ்ப்பாண நகரை உள்ளடக்கிய வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட்டு, இலட்சக்கணக்கான சனம் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. எனக்குப் பத்தொன்பது வயது. குடையைக் கவிழ்த்து மழைத் தண்ணீர் ஏந்திக் குடித்தது இன்றும் நாக்கில் இருக்கிறது. அவருக்கு அந்தத் திகதி 1990. விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் சொல்லி ஜின்னா மைதானத்துக்கு எல்லோரையும் கூப்பிட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடவேண்டும் என்றார்கள். பத்து வயதுப் பிள்ளை உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தது, பிறகு லொறி, பிறகு புத்தளத்தில் ஓலைக் கொட்டில். அந்த மாதத்தில் வடக்கிலிருந்து இப்படி 70,000 பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டார்கள்.

ஒரே திகதி. ஐந்து வருட வித்தியாசம். இரண்டு பேரும் சாப்பாட்டுப் பார்சலை மூடிவைத்துவிட்டோம்.

வீட்டுக்குப் போகும் வழியில்தான் அது என்னைப் பிடித்தது. 90 ஒக்டோபரில் நானும் யாழ்ப்பாணத்தில்தான் இருந்தேன். பதினாலு வயது. 83இல் தெஹிவளையில் வீடு இழந்து, பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் அகதியாக இருந்து, லங்கா கல்யாணிக் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போன குடும்பம் எங்களுடையது. அப்போது எனக்கு ஏழு வயது. கப்பலின் எண்ணெய் நெடியும், மேல்தளத்தில் விரித்த சேலையும், அதன் பூவும்கூட ஞாபகம் இருக்கிறது. பதினாலு வயதில், சைக்கிளில் பத்து நிமிடத் தூரத்தில், ஒரு ஊரே காலியான நாள் எனக்கு ஞாபகம் இல்லை. எவ்வளவு முயன்றும் வரவில்லை. வகுப்பில் இரண்டு முஸ்லிம் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் வராமல் விட்ட நாளைக் காணோம். எங்கள் வீட்டில் அதை யாரும் பிறகு பேசவில்லை, பேசாதது தங்கவில்லை.

ஒன்று மட்டும் ஞாபகம் இருந்தது. அந்த மார்கழியில் எங்கள் வீட்டுக்கு ஒரு தையல் மெசின் வந்தது. மலிவாகக் கிடைத்தது என்று அம்மா சந்தோஷப்பட்டார். அதில்தான் எனக்கு ஸ்கூல் வெள்ளைச் சட்டை தைத்தார். எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. 95இல் அதைக் கூடத்தில் சேலையால் மூடிவிட்டு வெளிக்கிட்டோம். திரும்பிப் போனபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, மெசினும் இல்லை.

இதைப் பூத் தோழியிடம் சொல்ல எனக்கு நாலு வருடம் எடுத்தது. வெள்ளவத்தைக் கூட்டம் முடிந்த அடுத்த கிழமை, ஒரு மண்டபத்தில் பின்னேர அமர்வு தொடங்கமுன் சொன்னேன். அந்த அம்மாவின் "நீ கேக்கேல்லை" என் காதை விட்டுப் போகாமல் இருந்தது. எங்கள் அம்மா இப்போது இல்லை, யாரிடம் கேட்பது? தோழி ஹெட்செட்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு முழுவதையும் கேட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் வந்து இருந்துகொண்டிருந்தார்கள்.

"மெசின் என்ன மேக், அக்கா?"

"சிங்கர்."

"எல்லா வீட்டுலயும் சிங்கர்தான் இருந்துச்சு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உம்மாட மெசின்ல மூடிக்கு மேல நான் ஆணியால பூ கீறி வெச்சிருந்த. அடி விழுந்த" என்றார்.

எங்கள் மெசினின் மூடியை நினைத்துப் பார்க்கிறேன். அதன்மேல் எப்போதும் ஒரு துணி கிடந்தது. மண்டபத்தில் தலைவர் மைக்கைத் தட்டினார். முதல் அரை மணி தோழியுடையது. அவர் ஹெட்செட்டை ஏற்றிக்கொண்டு பொத்தானை அழுத்த, சிவப்பு வெளிச்சம் வந்தது.